காதைச் சொறிந்த நிழல்

இதனால் அகில உலகத்துக்கும் பறைசாற்றுவது யாதெனில்: கி.பி. 2049ஆம் ஆண்டு, ஆடி மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை, கோயம்புத்தூர் சின்னவேடம்பட்டி செம்பரிதி மோட்டார் கம்பெனியில், காலை பத்து மணிக்குத் தொடங்கிய கூட்டம் பத்து மணி பதினெட்டு நிமிடத்துக்கு முடிந்தது. முடிந்ததோடு நிற்கவில்லை, அதில் ஒரு முடிவும் எடுக்கப்பட்டது. உள்ளே போனவர்கள் வடை வருவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டார்கள். வடைத் தட்டோடு எதிரே வந்த கேண்டீன்காரர், எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துத் திரும்பி ஓடினார்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமைகள் எப்படி இருந்தன என்று தெரிந்தால்தான் இந்தச் சாதனையின் கனம் புரியும். இருபத்தேழு பேர் உட்காருவார்கள். மேசையைச் சுற்றிப் பதினான்கு மேலாளர்கள்; அவர்கள் முதுகுக்குப் பின்னால் சுவரோரமாக, மேலாளருக்கு விஷயம் தெரியாத பட்சத்தில் எடுத்துக்கொடுக்கப் பதின்மூன்று பேர். தெரியாத பட்சம் வாராவாரம் வந்தது. போன வாரம் என்ன பேசினோம் என்று ஒருவர் முக்கால் மணி நேரம் வாசிப்பார். விற்பனைப் பிரிவுத் தலைவர் வெள்ளிங்கிரி தம்முடைய சிங்கப்பூர்ப் பயணத்தைச் சொல்லுவார். பிறகு நிர்வாக இயக்குநர் ராஜரத்தினம் தொண்டையைக் கனைத்து, “நான் என்ன நெனைக்கிறேன்னா…” என்பார். அவர் நினைப்பது இன்னது என்று தெரிந்த மறுகணம், மற்ற இருபத்தாறு பேரும் பால்குடி மறந்த நாளிலிருந்து அதையேதான் நினைத்துவந்தார்கள் என்று ஆகிவிடும். சாப்பாட்டு மணி அடிக்கும். உண்மையான முடிவை யாரோ இரண்டு பேர் கைகழுவும் இடத்தில் எடுப்பார்கள்.

இந்தக் கோலத்தை மாற்ற வந்ததுதான் ‘சல்லடை’ என்கிற இயந்திரம். அதை வாங்கி வைத்த அன்று ராஜரத்தினம், சுருக்கமாகப் பேச வேண்டியதன் அவசியத்தைப் பற்றி ஒரு மணி பத்து நிமிடம் பேசினார்.

தெய்வசிகாமணி அந்தப் பேச்சையும் தலையாட்டிக்கொண்டுதான் கேட்டார். வயது ஐம்பத்திரண்டு. புகார்ப் பிரிவு மேலாளர். விற்ற மோட்டார் ஓடவில்லை, புகைகிறது, கத்துகிறது என்று நாடு முழுக்க இருந்து வருகிற வசவுகளை வாங்கி, பக்குவமான தமிழில் அறிக்கையாக்கி அனுப்புவது அவர் வேலை. பதினோரு வருடமாக வியாழக்கிழமைக் கூட்டத்தில் உட்கார்ந்தவர். பேசியது இரண்டே வார்த்தை: “சரிங்க சார்.”

இயந்திரம் வந்த புதிதில் அவர் ஹசீனாவிடம் போய் விவரம் கேட்டார். சல்லடையைப் பார்த்துக்கொள்வது ஹசீனாவின் பொறுப்பு. நாற்பத்தைந்து வயது, யாருக்கும் பயப்படாத நாக்கு.

“ஏனுங் மேடம், இது என்னத்த வெச்சு ஆளைக் கழிக்குது?”

“பதினோரு வருசத்துக் கூட்டத்தோட வீடியோப் பதிவு எல்லாத்தையும் முழுங்கிருக்குது சார். அதை வெச்சு உங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிழல் செஞ்சிருக்குது. நீங்க எப்படிப் பேசுவீங்க, எப்ப வாயை மூடுவீங்க, எல்லாம் அந்த நிழலுக்குத் தெரியும். கூட்டத்துக்கு முந்தின நாளு எல்லா நிழலையும் உக்கார வெச்சு ஆயிரம் தடவை கூட்டத்தை நடத்திப் பாக்கும். அப்புறம் ஒரு நிழலை மட்டும் எழுப்பி வெளிய அனுப்பிட்டு மறுபடியும் நடத்தும். முடிவு மாறலீன்னா அந்த ஆளுக்கு அழைப்பு இல்ல. அவ்வளவுதான்.”

“அப்ப ஆளு இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுன்னு…”

“நான் சொல்லல சார். அது சொல்லுது.”

இருபத்தேழு ஐந்தாயிற்று. சில வாரம் நான்கு. முதலில் எல்லோருக்கும் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட நிம்மதி. வியாழக்கிழமைக் காலை என்று ஒரு காலை இருப்பதையே பலர் அப்போதுதான் பார்த்தார்கள். கணக்குப் பிரிவுக்காரர் பல்லைக் காட்டப் பல் டாக்டரிடம் போனார். இரண்டு பேர் வேலையே செய்துவிட்டார்கள்.

ஒரு மாதம் போனபிறகுதான் வலி எடுத்தது. வெள்ளிங்கிரிக்கு ஒரு வாரம்கூட அழைப்பு வரவில்லை. அவர் வியாழக்கிழமை பத்து மணிக்குக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கம்பீரமாக லிஃப்டில் ஏறி, கீழே வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய், தம் காருக்குள் பதினெட்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு, கூட்டம் முடிந்த களைப்போடு மேலே வந்தார். இன்னொரு பக்கம், கிடங்குப் பொறுப்பாளர் நாச்சம்மாளுக்கு ஒரு வாரம் விடாமல் அழைப்பு வந்தது. பழைய கூட்டங்களில் சுவரோரம் உட்கார்ந்து, எல்லாத் திட்டத்துக்கும் நடுவில் “அதுக்குச் சாமான் இருக்குதுங்களா?” என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அவர் அதைக் கௌரவமாக எடுத்துக்கொள்ளவில்லை. “என்ர வேலை கெட்டுப்போகுது, என்னையும் கழிச்சு உடச் சொல்லுங்க” என்று ஹசீனாவிடம் சண்டை பிடித்தார்.

மனம் புண்படக் கூடாது என்பதற்காக ராஜரத்தினம் மூன்று விதி போட்டார். யாருக்கு அழைப்பு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதை வெளியே மூச்சுவிடக் கூடாது. கூட்டத்துக்கு வெளியே, கைகழுவும் இடம் உட்பட, எந்த முடிவும் எடுக்கக் கூடாது. தம் அறைக்கு வந்தும் யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

தெய்வசிகாமணிக்கு அழைப்பு வரவில்லை. அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. தலையாட்டும் வேலை குறைந்ததில் கழுத்துவலி போயிருந்தது.

ஐப்பசியில் நீர்வேந்தன் வந்தான்.

நீர்வேந்தன் கம்பெனியின் புது மோட்டார். வாய்க்கால் ஓரத்தில் வைப்பது. நாற்பது விவசாயிகளிடம் சோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். ஏழு பேரிடமிருந்து புகார் வந்தது. ஏழும் ஒரே புகார். கரண்ட் கம்பி உள்ளே நுழைகிற இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம் வெயிலில் விறைத்து வெடித்துவிடுகிறது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அப்புறம் மோட்டாரின் உடம்பெல்லாம் கரண்ட். அன்னூர்ப் பக்கத்து விவசாயி மயில்சாமி, ரப்பர் செருப்புப் போட்டிருந்ததால் பிழைத்தார். வாய்க்காலில் செருப்போடு இறங்குகிற ஆள் நாட்டில் எத்தனை பேர்?

தெய்வசிகாமணி அறிக்கை எழுதி சல்லடையில் சேர்த்தார். வெள்ளிக்கிழமை நாலாயிரம் நீர்வேந்தன்கள் லாரி ஏற வேண்டும். ஏறலாமா என்று வியாழக்கிழமைக் கூட்டம் முடிவு செய்யும். செவ்வாய்க்கிழமை அவர் திரையில் வழக்கமான வாசகம் வந்தது: ‘உங்கள் வருகை தேவையில்லை. நேரத்தைப் பயனுள்ளதாகக் கழியுங்கள்.’

அவருக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நிம்மதி. எழுதியாயிற்று, அனுப்பியாயிற்று, கூப்பிடவில்லை. இனி நம் தலையில் இல்லை. அன்றைக்கு வீட்டில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

புதன் காலை மயில்சாமி போன் செய்தார்.

“ஏனுங்க சார், நாயித்துக்கெழமை எல்லா ஊருக்கும் இந்த மோட்டார் வருதாமா? எங்க அக்கா ஊட்டுக்குப் பதிஞ்சு வெச்சிருக்கறமுங்க. அங்க பேத்தியாளுங்க மூணு பேரு, பொழுதன்னைக்கும் வாய்க்காலுக்குள்ளயேதான் கெடப்பாங்க. நானு சொன்னதையெல்லாம் சரிபண்ணிட்டீங்கல்லோ?”

“சரிங்க” என்றார் தெய்வசிகாமணி.

பதினோரு வருடப் பழக்கம். கேள்வி எதுவானாலும் வாய் தானாகச் சொல்லும். மயில்சாமி, “அப்பாடா, இப்பத்தானுங்க உசுரு வந்துச்சு. அக்காகிட்டச் சொல்லிப்போடறேன்” என்று போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அந்த ஆள் வயலுக்குப் போய்விட்டார், நிம்மதியாக.

தெய்வசிகாமணி எழுந்து கிடங்குக்கு ஓடினார். நாச்சம்மாள் நட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“நாச்சம்மா, நாளைக்குக் கூட்டத்துல நீங்களாச்சும் சொல்லோணும். நீர்வேந்தன் ஷாக் அடிக்குது.”

“எனக்கு அழைப்பு வந்துச்சா வரலியான்னே நான் வெளிய சொல்லக்கூடாதுங்க சார்.” நாச்சம்மாள் எண்ணிக்கையை விடாமல் பேசினார். “வந்துச்சுன்னே வெச்சுக்கோங்க. ரப்பரு கையிருப்பு எவ்வளவுன்னு கேட்டா டக்குனு சொல்லுவேன். ஷாக் அடிக்குதுன்னா உனக்கெப்படித் தெரியும்பாங்க. நான் அடிவாங்கிப் பாத்தனா? ஏழு பேரு உங்ககிட்டத்தான சொன்னாங்க? நீங்க சொல்லுங்க.”

நியாயமான பேச்சு. ஹசீனாவின் அறைக்குப் போனார்.

“என்னை உள்ள விடச் சொல்லுங்க மேடம்.”

“நான் சொன்னா அது கேக்காது சார். வாங்க, உங்க நிழலையே கேட்டுப் பாக்கலாம்.” ஹசீனா திரையைத் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. மூலையில் லேசாகத் தொப்பை விழுந்த உருவம். “அதுதான் நீங்க. உங்க அறிக்கையை அது கையில குடுத்திருக்கேன். பாருங்க.”

உற்பத்திப் பிரிவுத் தலைவர் சென்னியப்பனின் நிழல், எல்லாம் தயார் என்றது. ராஜரத்தினத்தின் நிழல் ஒரு சுற்றுப் பார்த்தது. “யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?”

தெய்வசிகாமணியின் நிழல் ஒரு விரலைத் தூக்கியது. தெய்வசிகாமணி திரையை நெருங்கிக் குனிந்தார். ராஜரத்தினத்தின் நிழல் அந்தப் பக்கம் திரும்பியது. தூக்கிய விரலால் நிழல் தன் காதைச் சொறிந்துகொண்டது.

“ஆயிரம் தடவையும் இதேதான் சார்” என்றார் ஹசீனா. குரலில் கேலி இல்லை, அதுதான் வலித்தது. “ஒரு எழுபது தடவை மூக்கைச் சொறியுது.”

“நான் நாளைக்கு நெசமாவே சொல்லுவனுங்க!”

“எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதே. பதினோரு வருசத்துல நீங்க யாரையும் ஒரு தடவைகூட மறுத்ததில்ல. அது உங்க மேல பழி போடல சார், நீங்க குடுத்ததைத்தான் வெச்சிருக்குது.” ஹசீனா கடிகாரத்தைப் பார்த்தார். “சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசிப் பட்டியல். அதுவரைக்கும் கம்பெனி வளாகத்துக்குள்ள நீங்க பேசுறதெல்லாம் அதுக்குக் கேக்கும். போயி நாலு பேரை மறுத்துப் பேசுங்க. நடிச்சா கண்டுபிடிச்சிடும். மனசார மறுக்கணும்.”

ஐம்பத்திரண்டு வயதில் மறுக்கக் கற்றுக்கொள்ள ஆறு மணி நேரம் இருந்தது.

கேண்டீனில் தொடங்கினார். அவர் சர்க்கரை இல்லாத காபி கேட்பார்; அங்கமுத்து சர்க்கரை போட்டுக் கொடுப்பார்; இவர் குடிப்பார். ஒன்பது வருடமாக இந்த ஏற்பாடு.

“அங்கமுத்து, இது நான் கேட்ட காபி இல்ல.”

அங்கமுத்து கரண்டியைக் கீழே வைத்தார். “உடம்புக்கு ஏதாச்சும் முடியலீங்களா சார்?”

“நல்லா இருக்கறேன். வேற காபி குடுங்க.”

“சரிங்க” என்று அங்கமுத்து வேறு காபி கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. கட்டடம் இடியவில்லை. தெய்வசிகாமணி அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

வண்டி நிறுத்துமிடத்தில் வெள்ளிங்கிரி காருக்குள் இருந்தார். இப்போதெல்லாம் புதன்கிழமையும் பழகிக்கொள்கிறார் போல. கண்ணாடியை இறக்கி, “வாங்க சிகாமணி, இப்படித்தான் நான் சிங்கப்பூர்ல இருந்தப்ப…” என்று ஆரம்பித்தார்.

“நீங்க சிங்கப்பூர் போகலீங்க.”

“என்ன?”

“நீங்க காட்டுன போட்டோவுல கடைப் பலகையெல்லாம் நானு படிச்சேன். அது மலேசியா. ஜொகூர் பாரு.”

வெள்ளிங்கிரியின் முகம் சிவந்தது. பிறகு, யாரும் எதிர்பாராதபடி, அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். “விசா வரலீங்க. பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்னு எட்டிப் பாத்துட்டு வந்தேன். ஒரு பொய்யச் சொல்லிப்போட்டு, பதினோரு வருசமா அதுக்குத் தீனி போட்டுட்டுத் திரியறேன். எவனாச்சும் கேளுங்கடான்னு இருந்துச்சு.” கார்க் கதவைத் திறந்து இறங்கி, சோம்பல் முறித்தார். “அப்பாடா! வாங்க, மேல போலாம். இதுக்குள்ள ஒரே புழுக்கம்.”

மூன்றாவதுதான் உண்மையானது. சென்னியப்பன் பட்டறையில் நின்று நீர்வேந்தன்களுக்குப் பெட்டி அடைப்பதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். ஆறடி உயரம். குரல் அதைவிட உயரம்.

“சென்னியப்பன் சார், இந்த மோட்டாரு போகக்கூடாதுங்க.”

“ஏனுங்? காசு கேக்குதா அது போறதுக்கு?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “அறிக்கை குடுங்க, பாக்கலாம்.”

“திங்கக்கெழமையே குடுத்தாச்சு.”

“அப்ப படிச்சுட்டுச் சொல்றேன். இப்பப் போங்க.”

“போகலீங்க.” தெய்வசிகாமணி ஒரு பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். “நீங்க படிக்க மாட்டீங்க. நானு எழுதுற எதையும் யாரும் படிக்கறதில்ல. எனக்கே அது தெரிஞ்சு, படிக்க மாட்டீங்கன்னு தெகிரியமாத்தான் இத்தனை வருசம் எழுதிட்டிருந்தேன். இன்னைக்கு வாயிலயே சொல்றேன். ரப்பரு வளையம் வெடிக்குது, உடம்பெல்லாம் கரண்டு பாயுது. நம்பலீன்னா ஒண்ணு செய்யுங்க. பழைய சோதனை மோட்டாரு ஒண்ணு என்ர ரூமுல கெடக்குது. தண்ணி ஊத்தி ஓட்டறேன். செருப்பைக் கழட்டிப்போட்டு வந்து தொடுங்க.”

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். சென்னியப்பன் தம் செருப்பைப் பார்த்தார். பிறகு தெய்வசிகாமணியைப் பார்த்தார். தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று இரவு எட்டு மணிக்கு அழைப்பு வந்தது. ‘உங்கள் வருகை அவசியம்.’

“கூட்டத்துக்கா? உங்களையா?” என்றார் மனைவி தனபாக்கியம், இட்லிக் கரண்டியோடு.

“என்னையேதான்.”

“அங்க போயி என்ன சொல்லப் போறீங்க?”

“இல்லீன்னு சொல்லப் போறேன்.”

தனபாக்கியம் கரண்டியால் அவரைச் சுட்டினார். “அதை எப்படிச் சொல்லோணும்னு என்னைக் கேட்டிருந்தா நானு சொல்லிக் குடுத்திருப்பேன்ல?”

இரவோடு இரவாகப் பதினான்கு பக்கம் எழுதிவைத்தார். விவசாயியின் வியர்வையில் தொடங்கி, நிறுவனத்தின் மனசாட்சி வழியாக, வரலாறு நம்மை மன்னிக்காது என்று முடியும் பேச்சு. வியாழன் காலை பேருந்தில் முணுமுணுத்துப் பார்த்தபோது, ‘மன்னிக்காது’ என்ற இடத்தில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவு வேகம் இருந்தது. ராஜரத்தினம் முறைப்பார், முறைத்தால் நான்காம் பக்கத்துக்குத் தாவுவது. கத்துவார், கத்தினால் ஒன்பதாம் பக்கம். வேலை போனாலும் போகட்டும் என்பது பன்னிரண்டாம் பக்கம்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கூட்ட அறைக் கதவு அவர் முகத்தைப் பார்த்துத் திறந்தது. உள்ளே யாரும் இல்லை. ஹசீனா மட்டும் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்.

“நேரமே வந்துட்டனுங்களா?”

“கூட்டம் இல்ல சார். ரத்து.”

தெய்வசிகாமணி ஜன்னல் பக்கம் திரும்பினார். “அப்ப லாரி…”

“வாங்க, இங்க வந்து பாருங்க.” ஹசீனா ஜன்னல் திரையை விலக்கினார். கீழே முற்றத்தில் மூன்று லாரிகள் நின்றன. முன்கூட்டியே ஏற்றிவைத்திருந்த பெட்டிகளை ஆட்கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஏற்றவில்லை, இறக்கிக்கொண்டிருந்தார்கள். “சென்னியப்பன் சார் காலைல ஏழு மணிக்கே வந்து உங்க ரூமுல இருந்த மோட்டாருல தண்ணி ஊத்திப் பாத்திருக்காரு. டெஸ்டரை வெச்சுத்தான், பயப்படாதீங்க. வெளக்கு எரிஞ்சுதாம். அதையும் சேத்து சல்லடை மறுபடி ஓட்டிப் பாத்துச்சு. ஆயிரத்துக்கு ஆயிரம் தடவையும் ஒரே முடிவு. மோட்டாரு போகக்கூடாது. ஆயிரமும் ஒண்ணா வந்தா அப்புறம் எதுக்குக் கூட்டம்னு அதுவே ரத்து பண்ணி, உத்தரவையும் அனுப்பிடுச்சு. பதிஞ்சவங்க எல்லாருக்கும் தகவல் போயாச்சு.”

“மயில்சாமி அக்காவுக்கும்?”

“பட்டியல்ல இருக்கற எல்லாருக்கும்.”

தெய்வசிகாமணி பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இல்லை, விழுந்தார். ஏதோ ஒரு வாய்க்காலில் மூன்று பெண்பிள்ளைகள் வெறுங்காலோடு தண்ணீரை எத்தி விளையாடிக்கொண்டே இருக்கலாம். நேற்று அந்த ஆளிடம் சொன்ன ‘சரிங்க’ இன்றைக்கு உண்மையாகிவிட்டது. அவர் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டேயிருந்தார். ஹசீனா லாரியைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் பதினான்கு பக்கம் ஞாபகம் வந்தது.

“மேடம், அந்த ஓட்டத்துல… நானு எப்படிப் பேசினேன்?”

“நல்லாப் பேசினீங்க.”

“எவ்வளவு நேரம்?”

“பதினோரு வினாடி.”

“அவ்வளவுதானுங்களா? என்ன பேசினேன்?”

“‘சார், மழை பேஞ்சா இது ஷாக் அடிக்குதுங்க’ன்னீங்க. எம்.டி. நிழலு ‘ஷாக் அடிக்குதா? அப்ப நிறுத்துங்கப்பா. அடுத்தது என்ன?’ன்னுச்சு. நீங்க உக்காந்துட்டீங்க.”

“முறைக்கலியா?”

“இல்ல.”

“கத்தலியா?”

“ஆயிரத்துல ஒரு தடவைகூட இல்ல சார்.”

தெய்வசிகாமணி பதினான்கு பக்கத்தையும் சீராக அடுக்கி, நான்காக மடித்து, சட்டைப்பையில் வைக்கப் பார்த்தார். பை கொள்ளவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது. ஹசீனாவுக்கும் வந்தது. யாரும் இல்லாத அந்த அறையில், இருபத்தேழு நாற்காலிகளுக்கு நடுவில், இரண்டு பேரும் வயிறு வலிக்கும் வரை சிரித்தார்கள்.

வெளியே நடைபாதையில் ராஜரத்தினம் எதிரே வந்தார். நின்றார். தோளில் கை வைத்தார்.

“சிகாமணிதானே? கேள்விப்பட்டிருப்பீங்க. நீர்வேந்தனை நிறுத்திட்டேன். ஒரு நொடி யோசிக்கலை நான். இதுக்குத்தான் கூட்டத்துல தலைமைன்னு ஒருத்தன் வேணும்ங்கறது. மத்தவங்க ஆயிரம் பேசட்டும், கடைசியில மேசைத் தலைப்புல உக்காந்து முடிவு சொல்ல ஒரு ஆளு வேணும் பாருங்க. அந்த ஆளு இல்லீன்னா இந்தக் கம்பெனி ஒரு நாள் ஓடுமா? நீங்களே சொல்லுங்க.”

“சரிங்க சார்” என்றார் தெய்வசிகாமணி, மிகுந்த சந்தோஷத்தோடு.

ராஜரத்தினத்துக்கு சல்லடை அழைப்பு அனுப்புவதை நிறுத்தி ஏழு வாரம் ஆகியிருந்தது.